சூடை மீன் கட்டுரையில் அண்ணாவின் பெயர்

அண்ணாவை அடக்கம் செய்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. சேர் தன் சைக்கிள் கரியரில் பள்ளிக்கூடத்து டைப்ரைட்டரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அண்ணாவுக்கு எஸ்.எஸ்.சி. வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். படிப்பு முடிந்த பிறகும் இருவரும் நண்பர்களைப் போலத்தான் இருந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்தபோது கிணற்றடியோடு நின்றுவிட்டுப் போனவர், இப்போது கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்.

"பிள்ளை, கொழும்பு விஞ்ஞான மாநாட்டுக்கு அந்த மீன் கட்டுரையை அனுப்ப வேணும். நாள் கிட்டிட்டுது. ஊரில இங்கிலீசில பிழையில்லாமல் அடிக்கிறது நீர்தான் எண்டு அவன் சொல்லுவான்."

எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அம்மா வருத்தமாகிப் படுக்கையில் விழுந்தபோது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிறகு அண்ணாதான் தன் சம்பளத்தில் டவுணில் டைப்பிங் பழக விட்டார். கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோருக்கு, பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் வேலை கிடைத்தது. முன்னால் கிடக்கும் தாளில் என்ன எழுத்து இருக்கிறதோ அது என் விரலில் வரும். அதன் கருத்து என்னவென்று கேட்டால் தெரியாது. அண்ணா அதைச் சொல்லிச் சிரிப்பார். "என்ரை தங்கச்சி ஒரு நாளைக்கு ராணியின்ரை ரகசியக் கடிதத்தை அடிச்சுக் குடுத்திட்டு வந்து, கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லுவாள்."

அண்ணா மீன் வாங்கி அனுப்பும் வாடி ஒன்றில் கிளாக்கராக இருந்தார். வியாழக்கிழமைகளில் லீவு. அன்றைக்கு விடியவே பஸ் ஏறி நிலாவெளிக்குப் போய்விடுவார். கரைவலை இழுத்து முடிந்ததும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு ஒரு கடகம் சூடை மீனை வாங்கி, மணலில் சாக்கு விரித்து, ஒவ்வொன்றாக அடிமட்டத்தில் வைத்து அளப்பார். சில மாதங்களில் இலங்கைத்துறைக்கும் போனார். எந்த மாதத்தில் எவ்வளவு நீள மீன் வருகிறது, எப்போது சினை பிடிக்கிறது என்பதெல்லாம் அவர் எடுத்த கணக்கு. அதை வைத்துக் கட்டுரை எழுதியவர் சேர். மாநாட்டில் படிக்க இருவரும் போவதாக இருந்தது. அண்ணா அதற்கென்று ஒரு வெள்ளை லோங்ஸ் தைக்கக் கொடுத்திருந்தார். அதைத்தான் அவருக்கு உடுத்திப் பெட்டியில் வைத்து அனுப்பினோம். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கதைத்துக்கொண்டு போனவர், வியாழன் இல்லை.

மாநாட்டுக்காரர் அனுப்பிய விதிகளைச் சேர் எனக்குத் தமிழில் சொன்னார். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். வரிக்கு வரி இரட்டை இடைவெளி. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து. அட்டவணையின் பெயர் மேலே, படத்தின் பெயர் கீழே. தலைப்புக்குக் கீழே எழுதியவர்களின் பெயர். அவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பது முதல் பக்கத்தின் அடியில், சின்னக் கோட்டுக்குக் கீழே.

"பேர் ஒண்டுதான்," என்றார் சேர். "என்ரை பேர். அவன்ரை பேரைக் கடைசியில நன்றி சொல்லுற இடத்தில போட்டிருக்கிறன்."

அம்மா குசினி வாசலில் நின்றிருந்தா. "ஏன் சேர்?" என்று மட்டும் கேட்டா.

"இறந்தவரின்ரை பேரைப் போடலாமெண்டு விதியில இல்லை அம்மா."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. "போடக்கூடாதெண்டு இருக்கோ சேர்?"

சேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, கொழும்புக்குப் பயந்தவர். "இல்லைத்தான்," என்றார். "சரி, எழுதிக் கேக்கிறன். அதுக்குள்ள நீர் மற்றப் பக்கங்களை அடியும்."

அந்த நாட்களில் எனக்கு இருந்த எண்ணம் அது ஒன்றுதான். அண்ணாவின் பெயர் தலைப்புக்குக் கீழே வர வேண்டும். அவர் வெயிலில் குந்தியிருந்து கண்டுபிடித்ததற்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி போதாது. சாமான் தூக்கிக் கொடுத்தவனுக்குச் சொல்வது நன்றி.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை நான் வெளியே போவதில்லை என்பதால் வீட்டிலேயே மேசையைப் போட்டு அடித்தேன். அடுத்த வீட்டு மாமிக்கு அது பிடிக்கவில்லை. வேலிக்கு மேலால் அம்மாவிடம் சொன்னா. "என்ன பிள்ளை, செத்தவீட்டில விடிஞ்சாப் பொழுதுபட்டா டக்கு டக்கெண்டு? அழுகைச் சத்தம் கேட்க வேண்டிய வீட்டில மிசின் சத்தமே?"

அம்மா எட்டிப் பார்க்காமலே பதில் சொன்னா. "அழுகிற மிசின் அது. உனக்குக் காது கேளாட்டி நான் என்ன செய்ய?"

அட்டவணைகள்தான் கஷ்டம். இலக்கங்கள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டும். ஒரு தட்டுத் தள்ளினாலும் முழு வரிசையும் சரிந்துவிடும். அண்ணாவின் கையெழுத்தில் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும். எது எதுவென்று சேருக்கே தெரியாமல், மேலும் கீழும் பார்த்து ஊகித்தோம். அண்ணாவிடம் கேட்கலாம் என்று என் வாய் வரைக்கும் வந்து நின்ற நேரங்கள் உண்டு.

கடைசி அட்டவணையின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமையும் அதற்குப் பிறகு வந்தவையும்.

"அப்பிடியே விடலாமே சேர்?"

"வெறுமையா விடக்கூடாது. அளவில்லாத இடத்தில கோடு போட வேணும். அதுதான் முறை."

கோடு போட்டேன். ஒரு கோடு, கீழே இன்னொரு கோடு, அதற்குக் கீழே இன்னொன்று. மிசின் அதே சத்தத்தைத்தான் போட்டது.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. பெயர் போடலாம். ஆனால் இறந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை அடையாளம் இட்டு, அடியில் ஒரு வரி போட வேண்டும். சேர் சந்தோஷமாகத்தான் வந்து சொன்னார். அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டா. அடியில் வர வேண்டிய வரியைச் சேர் ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். அடியில் வருவது வேலை செய்யும் இடம் என்று முதலில் சொல்லியிருந்ததால், மீன் வாடியின் பெயராக்கும் என்று நினைத்து எழுத்து எழுத்தாக அடித்து முடித்தேன். கருத்துக் கேட்கத் தோன்றவில்லை.

மாநாட்டில் கொடுக்க நிறையப் படிகள் வேண்டும். அதனால் கட்டுரை முழுவதையும் மெழுகுத்தாளில், ஸ்டென்சிலில், அடித்திருந்தேன். அதை ரோனியோ மிசினில் போட்டுச் சுற்றினால் மை கசிந்து தாளில் பதியும். ரோனியோ எங்கள் பங்குச் சுவாமியார் குடியிருக்கிற மீசாமில்தான் இருந்தது. அதைச் சுற்றுகிறவர் கோவில் மணி அடித்து, பீடம் கவனிக்கிற சங்கிலித்தாம். டைப்ரைட்டரில் சிலுவை கிடையாது. சங்கிலித்தாமிடம் ஸ்டென்சிலில் கீறுகிற இரும்புப் பேனை இருந்தது. எனவே சேர் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஸ்டென்சில்களைக் கொடுத்து, அண்ணாவின் பெயரைக் காட்டி, "இதுக்கு ஒரு சிலுவை போட்டு அடிச்சு வையும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் சங்கிலித்தாமே அடித்த தாள்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் சேரும் வந்தார். அதை மேசையில் வைத்து, முதல் தாளை எடுத்து எங்களுக்கு நேரே பிடித்தார் சங்கிலித்தாம்.

தாளின் தலையில், தலைப்புக்கும் பெயர்களுக்கும் மேலே, கோவிலில் செத்த பூசைக்கு அடிக்கிற பாட்டுத் தாளில் இருக்குமே, அதே மாதிரி ஒரு பெரிய சிலுவை. சுற்றிக் கதிர் வீசுகிறது. இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுதிரி. அண்ணாவின் பூசைக்கும் அவர் இதைத்தான் கீறியிருந்தார். அதற்குக் கீழே வருகிற முதல் பெயர் சேருடையது.

சேர் தாளை வாங்கிப் பார்த்தார். "ஐயோ, என்னையுமல்லோ சாகக் காட்டிப் போட்டீர்!"

"இல்லைச் சேர்," சங்கிலித்தாம் திடுக்கிட்டுப் போனார். "ஆளுக்கு ஒரு மரியாதை வேணாமே? சின்னச் சிலுவை போட்டால் சனம் குறை சொல்லும்."

"கொழும்பில சனம் பாட்டுப் படிக்கவே வருகுது? சூடை மீனைப் பற்றின கட்டுரை இது!"

"மீனுக்கெண்டு நான் போடேல்லையே சேர். தம்பிக்கெண்டுதான் போட்டனான்."

அம்மா சிரித்துவிட்டா. அண்ணா போன பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. சங்கிலித்தாமுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பேச்சை மாற்ற நினைத்துத் தாளின் அடியைக் காட்டினார். "இதில கீழ என்ன சேர் எழுதியிருக்கு?"

சேர் சொன்னார். "இந்தக் கட்டுரை அனுப்ப முந்தி இவர் இறந்துபோனார் எண்டு."

நான் அடித்த வரி. என் விரலால் அடித்த வரி. மீன் வாடியின் பெயர் என்று நினைத்து, பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டு தரம் ஒப்புப் பார்த்தேன்.

கீறினதை அழிக்க முடியாது. முதல் பக்கத்தைப் புதிதாக அடிக்க வேண்டும். சேரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஸ்டென்சில். அடுத்த நாள் பின்னேர ரயிலில் அவர் கொழும்புக்குப் போக வேண்டும்.

காலையில் உட்கார்ந்தேன். தலைப்பு வந்தது. சேரின் பெயர் வந்தது. அண்ணாவின் பெயர் வந்தது. சுருக்கம் வந்தது. அடியில் சின்னக் கோடு, சேரின் பள்ளிக்கூடம். அதற்குக் கீழே அந்த வரி. துண்டு பக்கத்தில்தான் கிடந்தது. முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தேன். அடிக்க முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து வைத்தேன். முடியவில்லை. அதற்கு முதல் நாள் வரைக்கும் அது வெறும் எழுத்து. இப்போது எந்த எழுத்தில் அண்ணா சாகிறார் என்று பார்த்துக்கொண்டு நான் அடிக்க வேண்டும்.

சேர் வந்து பார்த்தார். "கீழ் வரி எங்கை?"

"ஏலாமல் கிடக்கு சேர். எழுத்தெல்லாம் தெரியுது. கை போகுதில்லை."

"சிலுவை?"

"அதுவும் வேண்டாம்."

"அப்ப உயிரோடை இருக்கிற ஆள் மாதிரியல்லோ இருக்கும், பிள்ளை. அவையள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அம்மாதான் சொன்னா. "இருக்கட்டும் சேர். அந்தத் தாளிலயாவது இருக்கட்டும்."

சேர் மெழுகுத்தாளை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு மீசாமுக்குப் போனார்.

கொழும்பால் திரும்பி வந்தவர் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். படித்து முடிந்ததும் கை தட்டினார்களாம். பிறகு கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எழும்பி, அட்டவணைகளைப் பாராட்டி, மீனை அளந்த மற்றவர் வந்திருக்கிறாரா, அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாராம்.

"என்ரை பிள்ளையைத் தேடினவையோ?" என்று அம்மா கேட்டா. முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்து போனது.

"ஓம் அம்மா. வரேலாமல் போச்சுது எண்டு சொன்னனான். வேறை ஒண்டும் வாயில வரேல்லை. கேட்டு எழுதுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்." பிறகு என்னைப் பார்த்தார். "மீனின்ரை நீளத்தை வால் நுனி வரைக்கும் அளந்தவனோ, வாலின்ரை கவட்டுப் பிளவு வரைக்கும் அளந்தவனோ? அதுதான் கேள்வி. உமக்குச் சொன்னவனே?"

சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. நிலாவெளிக்குப் போய்ச் சம்மாட்டியிடம் சேர் கேட்டுப் பார்த்தார். அளந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், எதுவரைக்கும் என்று பார்த்தவர் இல்லை. அது தெரியாவிட்டால் அந்த இலக்கங்களை வேறு இடத்து இலக்கங்களோடு சேர்த்துப் பார்க்க முடியாது என்று சேர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அந்தப் பெரியவருக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சேர் எழுதிக்கொண்டு வந்த தாளில் என்ன இருக்கிறதென்று வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அளந்தவர் இறந்துவிட்டார், மாநாட்டுக்கு முன்னரே இறந்துவிட்டார், இனிக் கேட்டறிய வழியில்லை என்று இருந்தது. மிசினில் தாளைப் போட்டேன். இந்த முறை கை போனது. ஏன் போனதென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒரு பிழையும் வரவில்லை.

குசினிக்குள் இருந்து அம்மா கேட்டா. "என்ன அடிக்கிறாய்?"

"சேரின்ரை கடிதம்."

"அண்ணாவின்ரை பேர் இருக்கோ அதில?"

"ஓம் அம்மா, இருக்கு."

"சரி, அடி," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை ஊதப் போனா.