கீரை சேர்ப்பதில்லை என்றேன்

பாற்கடலில் அரவணைமேல் துயிலும் பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாளான துவாதசியன்று, மயிலாப்பூரில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது இது.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவிக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் மாத்திரை. வாரந்தோறும் அடையாற்று மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை. அங்கே ஊசி போடாத, கட்டுக் கட்டாத நர்ஸ் ஒருவர் இருந்தார். திருவல்லிக்கேணியைச் சேர்ந்த இஸ்லாமியப் பெண். வீடு திரும்பிய நோயாளிகளின் அட்டைகளைப் பார்ப்பதும், தொலைபேசியில் விசாரிப்பதும், மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதுமே அவர் பணி. டாக்டர் இருக்க இவர் எதற்கு என்று எண்ணியிருக்கிறேன்.

ஒரு வாரம் பரிசோதனை சரியாக இருக்கும்; மறுவாரம் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்குமாம்.

“கீரை ஏதாச்சும் குடுத்தீங்களா சார்?” என்பார்.

“ஆத்துல கீரையே சேர்க்கறதில்லைம்மா” என்பேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஏகாதசியன்று கோயிலில் நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள் மனைவி. விரதக் களைப்பு என்றிருந்தேன். மறுநாள் காலை, பாசுரங்கள் சேவித்து முடித்து, விரதம் முடிக்கும் உணவைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. அந்த நர்ஸ்தான்.

“சார், மாமிக்கு ஏகாதசி விரதம் உண்டா?”

“உண்டு. அதுக்கென்ன இப்போ?” எரிச்சலாகவே கேட்டேன்.

“காலண்டரை அட்டை பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஏகாதசி வந்த வாரமெல்லாம் டெஸ்ட் கெட்டுப்போயிருக்கு. நாங்க நோன்பு திறக்கறப்போ பேரீச்சம்பழம் சாப்பிடுவோம். உங்களுக்கும் அப்படி ஏதாச்சும் உண்டா?”

“நெல்லிக்காய், சுண்டைக்காய், அகத்தி…”

“அகத்தின்னா?”

“அகத்திக்… கீரை.”

துவாதசியன்று அது எனக்குக் கீரையாக இருந்ததே இல்லை; விரதத்தின் அங்கமாகவே இருந்தது. நான்கு மாதங்களாக, துவாதசிதோறும், என் கையாலேயே பரிமாறியிருக்கிறேன்!

“தொட வேண்டாம்னு சொல்லுங்க சார்! உடனே கூட்டிட்டு வாங்க.”

ஓடினேன். மனைவியின் விரல்கள் கீரையில் இருந்தன. நான் இலையை இழுத்த வேகத்தில் நெல்லிக்காய்ப் பச்சடி தரையில் சிந்தியது. “ஏன்னா, இலையில போட்டதை யாராவது எடுப்பாளா?” என்று திகைத்தாள்.

மருத்துவமனையில் பார்த்தபோது, வால்வின் ஓரத்தில் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வால்வு அடைபட்டிருக்கும் என்றார் மருத்துவர்.

சிகிச்சையில் உடல் தேறியபின் மனைவி அந்த நர்ஸிடம் சொன்னாள்: “சொர்க்கவாசல் தாண்டினேனோல்லியோ, பெருமாள் அப்படியே உள்ள இழுத்துண்டுடப் பார்த்தார். நீதான்டி போன் பண்ணி வெளியில இழுத்துட்டே!”

“அடுத்த வாரம் டெஸ்ட்டுக்கு உங்க பேரை எழுதிட்டேன் மாமி. வராம எப்படி விடுவேன்?”

எங்கள் துவாதசி இலையில் கீரைக்குரிய இடத்தை இன்றும் வெறுமையாகவே விடுகிறோம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாத பதிலுக்காகக் கேள்வியையே மாற்றிக் கேட்டவரை நினைத்துக் கை குவிக்கிறேன். அத்தகைய ஒருவர் உங்கள் இல்லத்துக்கும் வாய்க்கட்டும். இதைப் படிக்கும் அனைவரும் நோயின்றி நீடூழி வாழ்க.