பியாட்ரிஸ் டீச்சரின் காயாஞ்செடிகள்

பியாட்ரிஸ் டீச்சர் கூப்பிட்டால் காக்ஸ் டவுனில் தெருமுனை வரை கேட்கும். பெண்கள் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரங்களும் பலாவும் கிழட்டு மாமரமும் கூடாரம் போட்டிருந்தன. உச்சிவெயிலும் அங்கே பொட்டுப் பொட்டாகத்தான் தரையில் விழும். ரோஜா வைத்தாள், செத்தது. சாமந்தி வைத்தாள், பூக்காமல் நெட்டையாக வளர்ந்து சாய்ந்தது.

தொண்ணூற்றிரண்டு கோடையில் மாணவிகளைச் சாவனதுர்கா மலைக்குக் கூட்டிப்போனாள். காட்டுக்குள், பெரிய மரங்களின் அடியில் ஒரு புதர் நின்றது. தடித்த, பளபளப்பான இலைகள். இலை இடுக்குகளிலும் வெறும் கிளைகளிலும் கொத்துக் கொத்தாக நீலப் பூ.

கூட வந்த தமிழாசிரியை ருக்கு அப்படியே நின்றுவிட்டார். "காயா, பியாட்ரிஸ்! சங்கப் பாட்டுல வர்ற இந்தப் பூவைப் பத்தி இத்தனை வருஷமா க்ளாஸ்ல சொல்லிக் குடுக்கறேன், இன்னைக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"இவ்ளோ நிழல்லயா இப்படிப் பூக்குது?" என்று மட்டும் கேட்டாள் பியாட்ரிஸ்.

மழைக்காலத்தில் தனியாக பஸ் ஏறிப் போய், உதிர்ந்து கிடந்த கறுத்த பழங்களைப் பொறுக்கி வந்தாள். சதையைக் கழுவி, மரத்தடியில் மக்கிய இலைகளுக்குள் விதைத்தாள். பாதிக்கு மேல் அழுகியது. நர்சரிக்காரர் சிரித்தார்: "அது காட்டுச் செடி மேடம், வீட்ல வராது."

"வர வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து, மறுபடி பஸ் ஏறினாள்.

முளைத்தவையும் அவசரப்படவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் அதிகம். மரங்களின் இலை உதிர உதிர அதைச் செடிகளின் அடியிலேயே போர்த்தினாள். பெருக்கி எரிக்க வந்த ஆளைத் துடைப்பத்தோடு திருப்பி அனுப்பினாள்.

தொண்ணூற்றெட்டில் தம்பி யூஜின் ஒரு பில்டரோடு வந்தான். வீட்டில் அவனுக்கும் பாதி உரிமை. "அக்கா, இதை இடிச்சு, பின்னாடி மரத்தையெல்லாம் எடுத்துட்டா பெரிய அபார்ட்மென்ட்டே வரும். உனக்கும் ஒரு ஃப்ளாட்."

"மரம் போனா செடி வெந்து செத்துரும்."

"எது, அந்தக் குச்சிங்களா? ஆறு வருஷமா ஒரு பூ பூத்துச்சா?"

பியாட்ரிஸ் செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். பூக்கவில்லை என்பது உண்மைதான். பிறகு சொன்னாள்: "முன்பக்கம் நீ எடுத்துக்கோ யூஜின். வீடு, கேட், ரோடு, எல்லாம் உனக்கு. பின்பக்கம் எனக்கு. போய் வர ஒரு சந்து விட்டாப் போதும்."

"பின்னாடி ஒரு பழைய கார் ஷெட்டுதானே இருக்கு! அங்கயா படுப்ப?"

"அது என் பாடு. சம்மதமா, இல்லையா?"

அவன் சம்மதித்தான். அப்பாவின் அறைச் சுவர் சரிந்த அன்று பார்க்கப் பொறுக்காமல் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஷெட்டுக்கு ஜன்னல் வைத்து, தரை போட்டு, அங்கேயே குடியேறினாள். சர்ச்சில் பெண்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் ஞாயிறுதோறும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தாள்.

முன்னால் மூன்று மாடி எழுந்தது. குடிவந்தவர்களின் சங்கச் செயலாளர் ஞானசேகரன் ஒருநாள் சந்து வழியாக வந்தார். "மேடம், குப்பையா இலை கிடக்குது. பாம்பு வரும்னு எல்லாரும் பயப்படறாங்க. க்ளீன் பண்ணிட்டு பார்க்கிங்குக்கு விட்டீங்கன்னா வாடகை தர்றோம்."

"சார், அது குப்பை இல்ல, என் செடிங்களுக்குச் சோறு. பாம்பு வந்தா நான் பேசிக்கறேன். காரை உங்க வீட்டு ஹால்ல நிறுத்துங்க."

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்தது. மறுவாரம் காலையில் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தவள், பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றாள். இடுப்புயரச் செடிகள் ஐந்தில் கிளை தெரியாமல் நீலம். தேனீக்களின் ரீங்காரம் ஷெட்டுக்குள் வரை கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தாள். மாடி பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

யூஜினும் வந்தான். செடிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, ரெண்டு ஃப்ளாட் இன்னும் விக்கல. இதை ஃபோட்டோ எடுத்து விளம்பரத்துல போடட்டுமா? கார்டன் வியூன்னு?"

"போடாத. இது உன் வியூ இல்ல, என் தோட்டம். காபி வேணுமா, குடிச்சிட்டுப் போ."

காபி குடித்துவிட்டுப் போனான். அந்த வருஷம் செடிகளில் நிறையப் பழம் பிடித்தது. குருவிகள் தின்றது போக மிச்சத்தை, ஞானசேகரன் மேலிருந்து பார்க்கப் பார்க்க, அவர் பார்க்கிங்குக்குக் கேட்ட இடத்தில், அபார்ட்மென்ட் சுவரை ஒட்டி நெடுக விதைத்தாள்.