தியமந்தோவின் ஐம்பது நிமிடம்

கிரேக்க மலையூரான எங்கள் கரியானியில் நடக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் சும்மா நகர்கிறோம். இதைச் சொன்னால் நாலு பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், என் காபிக் கடையில் உட்கார்ந்துதானே சண்டை போடப் போகிறார்கள்.

அவள் பெயர் தியமந்தோ. வயது அறுபத்தொன்று, உயரம் என் தோளுக்குக்கூட வராது. அவள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் எனக்கு அவள் கும்பாரா, அவளுக்கு நான் கும்பாரே. எங்கள் பக்கத்தில் இந்த உறவு வந்துவிட்டால் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்ட முழு உரிமை உண்டு. அந்த உரிமையை நாங்கள் இருவரும் வீணாக்கியதே இல்லை.

அவளுடைய ஆட்டுப்பட்டி ஐந்தாவது அருவிக்கு மேலே இருக்கிறது. விடியும் முன் பால் கறந்து, இரண்டு கேன்களை முதுகில் கட்டிக்கொண்டு, ஆற்றோரமாகவே பாலத்துக்கு இறங்குவாள். பால் லாரி எட்டு மணிக்குக் கிளம்பிவிடும். அந்த டிரைவர் பெற்ற தகப்பனுக்காகக்கூட ஒரு நிமிடம் நிற்காதவன். லாரி போனதும் காலி கேன்களோடு திரும்ப ஏறுவாள். இருபத்திரண்டு வருடத்தில் லாரியை இரண்டே நாள்தான் தவறவிட்டாள். ஒன்று மகளைப் பெற்ற நாள். மற்றது வெள்ளம் பலகைப் பாலத்தை அடித்துக்கொண்டு போன நாள். அதற்காக ஆற்றை இன்றுவரை திட்டுகிறாள். இப்போது மலை மேலே ஜீப் பாதை வந்து, பால் அந்த வழியாகப் போகிறது. அவள் மட்டும் இன்னமும் நடந்துதான் போகிறாள், வருகிறாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், வெளியூர்க்காரர்கள் வந்து அருவிகளைப் பார்க்கட்டும் என்று ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. பாதையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தியமந்தோவின் பால் பாதை இருந்தது. முள்ளை வெட்டினோம், மூன்றாவது அருவிப் பாறையில் பிடித்து ஏறச் சங்கிலி அடித்தோம், ஓடைகளுக்கு மேலே பலகை போட்டோம். பிறகு நகராட்சியிலிருந்து எழுத்தில்லாத மரப்பலகைகள் வந்தன. ஒவ்வொரு அருவிக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அதில் எழுத வேண்டுமாம்.

சங்கத்தின் செயலாளர் நான்தான். தினமும் போகிறவளுக்குத்தானே தெரியும் என்று என் கடிகாரத்தைக் கழற்றித் தியமந்தோவிடம் கொடுத்தேன். போனாள், வந்தாள். முதல் அருவி எட்டு நிமிடம், நாலாவது முப்பத்தொன்பது, ஐந்தாவது ஐம்பது என்றாள். இரும்புக் கம்பியைக் காய்ச்சி, சொன்னதைச் சொன்னபடி பலகைகளில் சுட்டு எழுதினேன். வேறு யாரையாவது ஒரு தடவை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவனும் வாயைத் திறந்திருக்க மாட்டான். எண் தப்பு என்று சொன்னால், தன்னால் முடியவில்லை என்று ஊர் நடுவில் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். எங்கள் ஊர் ஆண்கள் அதற்குப் பதிலாக ஆற்றில் குதித்துவிடுவார்கள்.

வந்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது. வேகவைத்த பீட்ரூட் மாதிரி முகத்தோடு என் கடைக்கு வந்து, "ஐம்பது நிமிஷம்னு போட்டிருக்கே?" என்று கேட்பார்கள்.

"எங்க ஊரு நிமிஷம் கொஞ்சம் பெருசுங்க," என்பேன்.

இந்த வருடம் வசந்தத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மலைப்பாதைகளைக் கவனிக்கும் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புகார்கள் வந்திருக்கின்றனவாம், ஓர் அதிகாரி வந்து சோதிப்பாராம், பலகையில் இருப்பது தவறான தகவல் என்றால் பாதையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுவார்களாம். கடையில் நான் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தியமந்தோ பாலாடைக்கட்டி கொடுக்க வந்துவிட்டாள்.

"பொய்யின்னா எழுதியிருக்கான்?"

"தவறான தகவல்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். அந்த நேரம் நான் சொன்ன நேரம். அப்ப பொய் சொன்னவ நானா?"

"கும்பாரா, பதினாலு வருஷம் ஆச்சு. போன பனிக்காலத்துல விழுந்து முட்டிய வேற கெடுத்துக்கிட்ட. பேசாம எண்ண மாத்திடலாமே."

"முட்டி என்னோடது. உன்னயா நடக்கச் சொன்னேன்? உன்ன நடக்கச் சொன்னா கூடவே நாற்காலியும் தூக்கிட்டு வரணும். அந்த அதிகாரி வரட்டும். அம்பது நிமிஷத்துல ஏறிக் காட்டறேன். முடியலன்னா அத்தன பலகையையும் நானே பிடுங்கிப் போடறேன்."

அதிகாரி மே மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தாள். எரதோ என்று பெயர், முப்பது வயது இருக்கும், அளந்து பேசுகிற பெண். அவளும் நானும் ஜீப்பில் மேலே போய் ஐந்தாவது அருவியருகே காத்திருப்பது என்று ஏற்பாடு. பாலத்தில் தியமந்தோ காலெடுத்து வைத்ததும் முடிதிருத்தும் லம்பிஸ் போனில் சொன்னான். மணி பத்து நாலு.

நாற்பது நிமிடம் ஆனதும் பாறையை விட்டு எழுந்து நின்றேன். ஐம்பது ஆனது. பாதையில் ஒரு பல்லிகூட இல்லை. என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எரதோ அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனபோது எண்ணாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது. அந்த முட்டியோடு எந்தப் பாறையில் விழுந்து கிடக்கிறாளோ என்ற பயம்தான் எனக்கு. இன்னும் ஒரு கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். எரதோவும் பின்னாலேயே வந்தாள்.

நாலாவது அருவிக்குக் கொஞ்சம் மேலே அவர்களைக் கண்டோம். மலை மாதிரி ஒரு பெல்ஜியம்காரர், முகத்தில் ரத்தமே இல்லை. தியமந்தோவின் தடி அவர் கையில், அவருடைய பை இவள் முதுகில், அவருடைய இன்னொரு கை இவள் தோளில். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. நில்லு. மூச்சு விடு," என்று எங்கள் மொழியிலேயே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனிதருக்குப் புரிந்ததோ என்னவோ, அப்படியே செய்தார்.

ஐம்பது நிமிட வழிதானே என்று ஒரே ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலோடு அவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நாலாவது அருவியில் அவருக்குக் கண் இருட்டி, உட்கார்ந்துவிட்டார். இறங்குவதைவிட மேலே ஜீப் பாதை கிட்டே என்று இவள் ஏற்றிக்கொண்டு வருகிறாள்.

"ஏன் கும்பாரா, இன்னிக்கின்னு பாத்தா இவங்க வந்து உன் கால்ல..."

"வாய மூடிட்டுப் பைய வாங்கு."

மேலே வந்து சேர்ந்தோம். அந்த மனிதரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். எரதோ கடிகாரத்தை மறைத்துக்கொண்டு, "தியமந்தோ அம்மா, இது கணக்குல வராது. இன்னொரு நாள் வச்சுக்கலாம்," என்றாள்.

"ஏன் வராது? எவ்ளோ ஆச்சு?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"அதப் போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி? நாலாவது அருவிக்கு எத்தன நிமிஷத்துல வந்த? அதச் சொல்லு மொதல்ல!"

அவள் சொல்லவில்லை. பெல்ஜியம்காரர் மனைவியின் போன்தான் சொன்னது. சிக்னல் கிடைக்காமல் உதவிக்கு அழைத்து அழைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியாக அழைத்தது பத்து நாற்பத்திரண்டுக்கு. அந்த நொடியில்தான் இவள் பாறைக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாளாம். எரதோதான் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். முப்பத்தெட்டு நிமிடம்! பலகையில் முப்பத்தொன்பது என்று இருக்கிறது. அறுபத்தொரு வயதில், கெட்டுப்போன முட்டியோடு, ஒரு நிமிடம் குறைவு! நான் போட்ட சத்தத்தில் மேலே ஆடுகள் மிரண்டு ஓடின.

"கத்தாத. மனுஷன் இன்னும் மூச்சு வாங்குறாரு," என்றாள் தியமந்தோ. பிறகு என் பக்கம் திரும்பி, "பலகைய எனக்கா நட்டு வச்சிருக்கீங்க? எனக்குத்தான் வழி தெரியுமே," என்றாள்.

என் ஊரில் பிறந்த ஒருத்தியை நினைத்து இப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை நான். எரதோ குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டு, எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே பழைய எண்களைத் தியமந்தோ தன் கையாலேயே உளியால் சீவி எடுத்தாள். ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை. நான் புது எண்களைச் சுட்டு எழுதினேன். முப்பத்தெட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் மூச்சு விடக்கூடாது என்று என் மகன் பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வந்தவன் அதைக் கேட்டுவிட்டு ஓட ஆரம்பித்தால் யார் தூக்குவது என்றாள்.

ஆகஸ்டில் ஏதென்ஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். இரண்டு கையிலும் பளபளக்கும் ஊன்றுகோல், காலில் புதுச் சப்பாத்து. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் உச்சிக்குப் போய்விட்டாராம், பலகையைவிட இருபது நிமிடம் குறைவாம். கடையில் இருந்த எல்லோருக்கும் இதை இரண்டு தடவை சொன்னார். ஓர மேசையில் தியமந்தோ காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

"பரவாயில்லையே, நல்ல காலு உங்களுக்கு," என்றாள் அவரிடம். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள்.

அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "நீங்க எப்பவாவது மேல போயிருக்கீங்களாம்மா?" என்று அன்பாகக் கேட்டார்.

தியமந்தோ கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏதோ, ஒண்ணு ரெண்டு தடவ."