ஆறாம் பிரஸ்ஸின் ஓகே

“புதன், முதல் ஷிப்ட். ஆறாம் பிரஸ். போர்டில் சிவப்பு வட்டங்கள். எல்லோரும் சிரித்தார்கள்.” என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில், ஷிப்ட் முடிந்து போகிறவர் மெஷினில் உள்ள கோளாறை அடுத்து வருபவருக்காகப் போர்டில் எழுத வேண்டும். பேச்சு கன்னடம், தெலுங்கு, தமிழ் எதிலும் நடக்கும். எழுத்து மட்டும் ஆங்கிலம். ஆடிட்டர் படிக்க வேண்டுமாம்.

தகடுகளை அழுத்தி வெட்டும் ஆறாம் பிரஸ்ஸை ஓட்டியவர் கல்லாவி ஊர்க்காரர். பர்மனென்ட் ஆவதற்குக் காத்திருந்தார். பாதுகாப்புக் கதவின் போல்ட்டுகள் லூஸ் என்று எழுதினார். ‘லூஸ்’ என்பதில் ஓர் ‘ஓ’ குறைந்து, தொலைப்பது என்றாகிவிட்டது. பன்மைக்குப் போட்ட ‘எஸ்’ முன்னால் தேவையில்லாமல் ஓர் அப்பாஸ்ட்ரபி; அதனால் ‘போல்ட்டுகள்’ என்பது ‘போல்ட்டினுடைய’ என்றாகிவிட்டது. இன்ஜினீயர் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“போல்ட்டு பேர்ல என்னய்யா சொத்து எழுதி வெச்சிருக்க?”

“தமிழ்லயே எழுதட்டுங்களா சார்?”

“எழுது, எழுது. ஆடிட்டர கல்லாவிக்கு அனுப்பி தமிழ் படிச்சுட்டு வரச் சொல்றேன்.”

அன்று போல்ட்டை முடுக்கினார்கள். மறுநாள் முதல் அவர் போர்டில் எழுதியது ஒரே சொல்: ஓகே. கேன்டீனில் ஏன் என்று கேட்டேன்.

“ஓகேல தப்பு கண்டுபிடிக்க முடியாதுல்லண்ணா? ஏதாச்சும் இருந்தா வர்றவங்ககிட்ட வாயால சொல்லிட்டுப் போறேன்.”

கொஞ்ச நாளில் போல்ட்டுகள் மறுபடி தளர்ந்தன. வழக்கம்போல ஓகே எழுதிவிட்டு, சொல்வதற்காக நின்றார். அடுத்த ஷிப்டுக்குப் பேரிகை ஊரிலிருந்து வர வேண்டிய பெண்ணின் பஸ் தாமதம். இவருடைய பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார். அவள் வந்தாள், போர்டைப் பார்த்தாள், பிரஸ்ஸை ஓட்டினாள். கதவு விலகியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் அவரிடம் கேட்டது, “ஏன் ஓகேன்னு எழுதுன?” என்பதை மட்டும். சிவப்பு வட்டங்களைப் பற்றி நான் சொன்னபோது, “அது வேற விஷயம்” என்றார்கள். வேறு விஷயமாம்! எழுதினால் சிரிப்பார்கள், எழுதாவிட்டால் துரத்துவார்கள். அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மார்க்கர் இன்னும் இன்ஜினீயரின் சட்டைப் பையில் இருக்கிறது.

‘தமிழில் எழுத முன்பே அனுமதி தரப்பட்டிருந்தது’ என்று விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருப்பதாக ஆபீஸில் ஒருவர் சொன்னார். அறிக்கையை எனக்குக் காட்ட மறுக்கிறார்கள். அந்த வரி இருக்கிறதா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.