எட்டுக் குடும்பமும் பேசாலை என்று சொன்னோம்

போன கிழமை விதானையாரின் அடக்கத்துக்காக நான் தொழிலுக்குப் போகாமல் நின்றபோது சின்னவன் கேட்டான், "அவர் எங்களுக்கு என்ன முறை அப்பா?" என்று. முறை ஒன்றும் இல்லை. விதானையார் என்று நாங்கள் சொல்வது கிராம அலுவலரை. அரசாங்கத்தின் ஆள். ஆனாலும் அன்றைக்கு எங்கள் கரையிலிருந்து ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. அடக்கப் பூசைக்குக் கோயில் நிறைந்து மிச்சச் சனம் வெயிலில் நின்றது. சேமக்காலையில் குழிக்குப் பக்கத்தில் நின்று பேசியவர்கள் அவரை நேர்மையான அதிகாரி என்று சொன்னார்கள். சரிதான். ஆனால் அந்த நேர்மையால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் பிள்ளைகளே, உங்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புத்தான். பிழை இருந்தால் உங்கள் அக்கா திருத்தட்டும்.

சண்டைக் காலத்தில் நாங்கள் எட்டுக் குடும்பங்கள் ஒரே படகில் இந்தியாவுக்குப் போனோம். படகு பேசாலைக் கரையிலிருந்து வெளிக்கிட்டது. ஆனால் அந்த எட்டில் ஒருவர்கூடப் பேசாலைக்காரர் இல்லை. நாங்கள் விடத்தல்தீவு, சிலர் பெரியமடு, மற்றவர்கள் வேறு வேறு ஊர். படகில் ஒருவர் சொன்னார், ஊர் மாறினால் ஆளுக்கொரு முகாமில் போட்டுவிடுவார்கள், எல்லோரும் ஒரே ஊர் என்று சொல்லுவோம் என்று. அக்கரையில் எங்களுக்கு யாரையும் தெரியாது. படகில் இருந்த சனம்தான் சொந்தம். பதிவு செய்தவர் கேட்டபோது எட்டுக் குடும்பமும் பேசாலை என்று சொன்னோம். ஒரே முகாமில் போட்டார்கள். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டோம் என்று நினைத்தோம்.

உங்கள் அக்கா அந்த முகாமில்தான் பிறந்தாள். அவளின் பிறப்புப் பத்திரத்திலும் அப்பாவின் ஊர் பேசாலை என்றே விழுந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பதினோராம் வகுப்பில் ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது. அட்டைக்குக் குடியுரிமைப் பத்திரம் வேண்டும். அதற்கு அவளின் தகப்பன் இந்த நாட்டு ஆள் என்று காட்ட வேண்டும். என் பிறப்புப் பத்திரத்தில் விடத்தல்தீவு. அவளின் பத்திரத்தில் தகப்பன் பேசாலைக்காரர். கந்தோரில் விண்ணப்பம் வாங்கும் பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு நான் என்னெண்டு நம்புறது அண்ணை?"

அவளில் பிழை இல்லை. பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்தது. நான் விதானையாரிடம் போனேன்.

"ஐயா, ஒரு வரி எழுதித் தாங்கோ. நாங்கள் முந்திப் பேசாலையில இருந்தனாங்கள் எண்டு. அது காணும்."

"இருந்தனீரோ?"

"இல்லை."

"பிறகு?"

"பிள்ளையின்ர சோதினை ஐயா."

"அதுக்காகத்தான் எழுதமாட்டன். நாளைக்கு அந்தப் பிள்ளை கலியாணம் எழுதேக்க, வேலைக்குப் போகேக்க, பாஸ்போட் எடுக்கேக்க, எல்லா இடத்திலயும் இந்தப் பேசாலை வந்து நிக்கும். ஒவ்வொரு தரமும் நீர் ஒரு விதானையைப் பிடிச்சுப் பொய் எழுதுவிப்பீரோ?"

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன, உங்கட பிள்ளையளுக்கு எல்லாப் பேப்பரும் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

மூன்றாம் நாள் காலை அவரே மோட்டார் சைக்கிளில் எங்கள் வாசலுக்கு வந்தார். "படகில வந்த ஆக்கள் இப்ப எங்க இருக்கினம்? சொல்லும், எழுதுறன்" என்றார். நாங்கள் எல்லோரும் ஊரை மாற்றிச் சொன்னோம், அந்தப் பேசாலைக்காரரும் இவரும் ஒரே ஆள் என்று படகில் வந்த இரண்டு பேர் சத்தியக்கடதாசி தரவேண்டும். அதோடு தன் விசாரணை அறிக்கையையும் அவர் வைப்பார். அவர் கண்ட வழி அது.

ஒருவரும் முன்வரவில்லை. எல்லோரின் பத்திரங்களும் அதே பொய்யில்தான் நின்றன. அதனால் அவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெரியமடுவுக்குப் போனார். அங்கே படகில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வயல் செய்துகொண்டிருந்தார். அவரின் மனைவி கதிரை போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தா. விதானையார் கோப்பையைத் தொடவில்லை. அலுவல் முடியாத வீட்டில் அவர் ஒன்றும் குடிக்கமாட்டார்.

"மச்சான், உனக்காக உயிரையும் தருவன். கையெழுத்து மட்டும் கேக்காத" என்றார் அந்த மனிதர் என்னிடம்.

"உயிரை வச்சு நாங்கள் என்ன செய்யிறது? அதைக் கந்தோரில எடுக்கமாட்டினம்" என்றார் விதானையார்.

மனிதர் சிரித்தார், ஆனால் அசையவில்லை. "பொய் சொன்னனான் எண்டு எழுதினா என்ர வீட்டுத்திட்டத்தில கை வச்சிருவினம் ஐயா."

"நீர் கள்ளம் செய்து வீடு எடுக்கேல்லையே. பயத்தில ஊரை மாத்திச் சொன்னீர். அதை உம்மட விதானையாரோடயும் கதைக்கிறன், என்ர அறிக்கையிலயும் எழுதிறன். பிழை வந்தா முதல்ல என்னைத்தான் கேப்பினம்."

மனைவி உள்ளே நின்றபடி சொன்னா, "போடுங்கோவன். எங்கட மூத்தவனும் அடுத்த வருசம் சோதினை எழுதவேணும் எல்லே. அவன்ர பேப்பரிலயும் அந்தப் பேசாலைதானே கிடக்கு."

மனிதர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "சரி, போடுறன். ஆனா என்ரயையும் திருத்தித் தரவேணும்."

"உம்மட பேரிலயும் ஒண்டு எழுதிக்கொண்டுதான் வந்தனான்" என்று விதானையார் பையைத் திறந்தார். பிறகுதான் கோப்பையை எடுத்தார்.

"ஆறிப்போச்சு ஐயா, வேற போட்டுத் தாறன்."

"வேண்டாம் பிள்ளை, ஆறினாத்தான் கெதியாக் குடிக்கலாம். இன்னும் ஒரு வீடு கிடக்கு."

அடுத்த நாள் அந்த இரண்டு வீட்டுக்காரரும் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் கொழும்புக்கு இரண்டு தரம் போனோம். அவர் தன் லீவில் வந்தார். முதல் தரம் ஒரு பத்திரம் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. "குறைவெண்டுதானே சொன்னவை, இல்லையெண்டு சொல்லேல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் நித்திரையாகிவிட்டார்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்காவின் கையில் அட்டை வந்தது. அந்த முறை அவள் கணக்கில் சித்தியடையவில்லை. இவ்வளவு பாடுபட்டவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "கணக்கு என்ர பகுதி இல்லைத் தம்பி" என்றார். அடுத்த முறை அவள் சித்தியடைந்தாள்.

எட்டுக் குடும்பத்தில் இரண்டு இன்னும் அக்கரையில். ஐந்து குடும்பத்தின் பத்திரங்களை அவர் உயிரோடு இருக்கும்போதே நேராக்கினார். மிச்சம் ஒன்று, எங்கள் ஊர் அம்மா ஒருவரும் அவவின் மகளும். விதானையார் வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்களின் அலுவல் பாதியில் நின்றுவிட்டது. இப்போது வந்திருப்பவர் இளம் பிள்ளை, நல்லவர். ஆனால் எங்கள் படகில் யார் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து வரும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னா, "இனி ஆர் தம்பி இருக்கினம், விடுவம்."

நான் விடப்போவதில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவவைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போகிறேன். நாங்கள் பொய் சொன்னோம், இன்ன காரணத்துக்காகச் சொன்னோம் என்று மேசைக்கு முன்னால் நின்று நானே சொல்லப்போகிறேன். அன்றைக்கு நீங்கள் நீங்களாகவே பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட வேண்டும். நான் வெறுங்கையோடு திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். செவ்வாய்க்கிழமையும் போவேன்.