ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி

முப்பத்தாறு வயதில், வண்டி எலக்ட்ரிக் வேலை பழக தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். எதையும் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பு எனக்கு.

ஒருநாள் வந்த கன்டெய்னர் லாரியில் பிரேக் லைட் ஃபியூஸ் போடப் போட எரிந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கே ஷார்ட் ஆகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. டிரைவருக்கோ துறைமுகம் போகிற அவசரம். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். லைட் எரிந்தது. அவரும் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்தேன். ஃபியூஸ் இல்லாவிட்டால் அடுத்து எரியப்போவது வயர்தான். அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, நான் செஞ்சது தப்பு. வண்டிய ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. வந்துகினே கீறேன்."

ராயபுரத்தில், துறைமுகத்துக்குள் போகும் லாரி வரிசையை விட்டு விலகி நின்றிருந்தார். வயர் தொட முடியாத சூடு. வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். பின்பக்கக் கிளாம்பில் உரசித் தோல் போன வயரைக் கண்டுபிடித்து மாற்றினேன். கம்பியை எடுத்துவிட்டுப் போட்ட புது ஃபியூஸ் எரியாமல் நின்றது.

திட்டு வாங்கத் தயாராக எழுந்தேன்.

"லைனு போச்சு, பேஜாருதான்," என்றார். "ஆனா தப்பு பண்ட்டேன்னு எந்த மெக்கானிக்கும் எனக்கு போன் பண்ணதில்லமா."

இப்போது அவருடைய கூட்டாளிகளின் லாரிகளும் வருகின்றன. "போன் பண்ண அக்கா கீறாங்களா?" என்று வாசலில் கேட்பார்கள். என் தப்பால் வந்த பேர்தான். நிமிர்ந்துதான் போய் நிற்கிறேன்.