கல்யாணக் கேக்கின் மேல் ஆக்டோபஸ்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பில் நிற்கிறேன். மாப்பிள்ளை செல்வின் என் கல்லூரி நண்பன். அவனுக்காகத்தான் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். மூன்றடுக்குக் கேக்கின் உச்சியில், மணமக்கள் பொம்மைக்குப் பதிலாக ஒரு மஞ்சள் ஆக்டோபஸ் உட்கார்ந்திருக்கிறது. உடம்பெல்லாம் நீல வளையங்கள்.

"இதுதான்டா என்னைக் கடிச்சது," என்கிறான் செல்வின் பெருமையாக.

ஆபீஸ் வேலையாக ஆஸ்திரேலியா போனவன், கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில் பவளப்பாறை மேல் நடந்து ஒரு சங்கைக் கையில் எடுத்திருக்கிறான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பிராணி அதற்குள்தான் குடியிருந்திருக்கிறது. பயந்தால்தான் அதன் வளையங்கள் அப்படி நீலமாகப் பளிச்சிடுமாம். கடித்தது வலிக்கவே இல்லை. சற்று நேரத்தில் விஷம் ஏறிக் கைகால் அசையவில்லை, மூச்சும் நின்றுவிட்டது. ஆனால் நினைவு தப்பவில்லை. காது கேட்டுக்கொண்டே இருந்தது. கூட வேலை பார்த்த ஷீலா, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறாள்.

"பாவம்டா அது. அதோட வீட்டைத் தூக்கினது நான்தானே," என்கிறான்.

அவன் பக்கத்தில் மணப்பெண்ணாக வெள்ளைப் பட்டுப்புடவையில் நிற்கும் ஷீலாவைப் பார்க்கிறேன். "ரொம்பப் பயந்துட்டீங்களாம்மா?"

"பயத்துல என்னென்னமோ சொன்னேன் அண்ணா. 'எழுந்திருடா, உன்னையே கட்டிக்கிறேன்'னு கூட சொல்லிட்டேன். இவனுக்கு எங்க கேக்கப்போகுதுன்னு நெனச்சேன்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடுத்த நாள் ஹாஸ்பிட்டல்ல வாயிலேர்ந்து டியூபை எடுத்தாங்க. எடுத்ததும் என்னைப் பார்த்து, 'எப்போ கல்யாணம்?'ங்கிறான்!"